இரண்டு கதிரைகள் குடியிருந்த அறை

மடவளை,
1935 மார்ச் 25, திங்கட்கிழமை.

என் மகன் ஜுனைதுக்கு உம்மாவின் ஸலாம். நீ சிங்கப்பூரில் கை கால் சுகத்தோடு, வேளைக்குச் சாப்பிட்டு, தொழுகையை விடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், அல்லாஹ் அப்படியே வைக்கட்டும். இங்கே இந்த வீட்டில் பதினாலு பேர் உயிரோடு இருக்கிறோம், காய்ச்சல் இல்லாதவர்களை எண்ணினால் ஒன்பது பேர் தேறும், இந்த வருஷத்தில் அதுவே பெரிய சுகம். எழுத்தைப் பார்த்ததும் நீ திகைத்திருப்பாய். இதுவரை உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான் சொல்லச் சொல்ல உன் மூத்த மச்சான் சாஹுல் ஹமீதுதான் தமிழில் எழுதினார். எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கவும் வராது, எழுதவும் வராது. இதை நானே எழுதுகிறேன், குர்ஆன் ஓதப் படித்த அறபு எழுத்தில் நம்முடைய தமிழை. நீயும் சின்ன வயதில் படித்ததுதான், மறந்திருந்தால் மெல்லக் கூட்டி வாசி, ஆனால் வேறு ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் அறைக் கதவை உடைத்துவிட்டோம். கள்ளன் உடைக்கவில்லை, மச்சான்மார் உடைக்கவில்லை, நான்தான் உடைத்தேன். உன் தங்கச்சி றலியா இப்போது அந்த அறையில் படுத்திருக்கிறாள், அவளை அங்கிருந்து எழுப்ப நான் விடப் போவதில்லை. ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ கப்பல் ஏறி மூன்று வருஷம் ஆகிறது, வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் அறையை விட்டால் அறை இரண்டுதான், முன்பு இருந்தது போலவே. ஒன்றில் மூத்தவள் பாயிஸாவும் அவள் மாப்பிள்ளை சாஹுல் ஹமீதும் ஐந்து பிள்ளைகளும். மற்றது றலியாவின் அறையாக இருந்தது. போன வருஷம் இளையவள் றம்லத்துக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை முஹ்ஸினின் ஆட்கள் கேட்ட முதல் கேள்வி அறை இருக்கிறதா என்பதுதான். நம்முடைய ஆட்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான், வருகிறவனுக்குக் கதவுள்ள அறை ஒன்று கொடுக்காமல் கலியாணம் முடியாது. சாஹுல் ஹமீது மூத்தவர், அவரை எழுப்ப முடியாது. உன் அறையில் பூட்டு. அதனால் றலியாவையும் அவள் மாப்பிள்ளை உதுமாலெவ்வையையும் இரண்டு பெண் பிள்ளைகளோடு பின் விறாந்தைக்கு அனுப்பினோம், சாக்கைத் தைத்து மறைப்புக் கட்டினோம். உதுமாலெவ்வை தன் பாயைத் தானே சுருட்டிக்கொண்டு போனான். துணி மூட்டை சுமந்து ஊர் ஊராகப் போகிறவன்தானே, வீட்டில் இருப்பதே கொஞ்ச நாள் என்று நாங்களும் நமக்கு வசதியாக நினைத்துக்கொண்டோம். விட்டுக் கொடுக்கிறவனை இந்த வீடு முதலில் வெளியே தள்ளும், எனக்கு அது இப்போதுதான் விளங்குகிறது.

உதுமாலெவ்வை மௌத்தான செய்தி உனக்கு வந்திருக்கும். குருநாகல் பாதையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று தெரிந்தும் பெருநாள் வியாபாரத்தை விடக் கூடாது என்று போனான், நோன்பு பதினாறில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தான், இருபதில் முடிந்துவிட்டது. பின் விறாந்தையில் சாக்கு மறைப்புக்குப் பின்னால்தான் முடிந்தது. மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போன கையோடு றலியா இத்தா இருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. நாலு மாசம் பத்து நாள், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் பெண் ஒதுங்கியிருக்க வேண்டும். அது நம்முடைய மார்க்கம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் அவளுக்கு அந்நிய ஆண்கள் இரண்டு பேர், சாஹுல் ஹமீதும் முஹ்ஸினும், அவர்கள் கிணற்றுக்கும் கக்கூசுக்கும் போகிற வழி அந்த விறாந்தைதான். ஒதுங்கியிரு என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருந்தது, எங்கே ஒதுங்குவது என்று கேட்க ஒரு ஆம்பிளைக்கும் வாய் வரவில்லை. கடைசியில் குசினி அடுப்படிக்குப் பக்கத்தில் விறகு அடுக்கும் சாய்ப்பைக் காட்டினார்கள். விறகை ஒரு பக்கம் தள்ளி, பாய் போட்டு, வெள்ளைச் சீலையை வாசலில் தொங்க விட்டது நான்தான். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை. நான்தான் கட்டினேன்.

மச்சான்மார் நாலு மாசத்துக்குத் தங்கள் உம்மா வீடுகளுக்குப் போனால் என்ன என்று உன் வாப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். வாப்பாவுக்கு மூச்சிழுப்பு அதிகம், யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். நானே சாஹுல் ஹமீதிடம் கேட்டேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை மகன், சரி மாமி என்று சொல்லிப் பெட்டியோடு அக்குறணைக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அவருடைய உம்மா வீட்டில் அவர் தங்கச்சிமாரின் மாப்பிள்ளைமார் மூன்று பேர் இருக்கிறார்கள், அறைகள் அவர்களுக்கு, இவர் பிறந்த வீட்டில் இவருக்குப் படுக்க வாங்குப் பலகை ஒன்றுதான் கிடைத்ததாம். எங்கட வீட்டுலயே என்னைய விருந்தாளியாட்டம் பாக்குறாங்க மாமி, எப்ப போறன்னு புள்ளைகள உட்டுக் கேக்குறாங்க என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் பிறந்த ஆண் வெளியே, வந்த ஆண் உள்ளே, நெருக்கத்தில் நசிகிறது பெண்களும் பிள்ளைகளும். முஹ்ஸினைக் கேட்கவே இல்லை, அவனுக்கு உம்மா வீடே இல்லை.

அதன் பிறகு உன் அறையைக் கேட்டு எழுதச் சொன்னேன். தை மாசம் சாஹுல் ஹமீதைக் கடதாசியும் பேனையும் எடுக்கச் சொல்லி, மகன், றலியா விறகுச் சாய்ப்பில் இருக்கிறாள், உன் அறையைத் திறக்க அனுமதி கொடு என்று என் வாயால் சொன்னேன். அவர் எழுதினார். ஒரு மாசத்தில் உன் பதில் அவருடைய கட்டுகஸ்தோட்டைக் கடைக்கு வந்தது, அவரே கொண்டுவந்து வாசித்தார். மரணத்தைப் பற்றித் துக்கமாக எழுதியிருந்தாய். கடைசியில், மச்சான் சொன்னபடியே நான் வரும்வரை அறை பூட்டியே இருக்கட்டும் என்று இருந்ததாக வாசித்தார். மச்சான் சொன்னபடி என்றால் அவர் என்ன சொன்னார்? நான் சொன்னதை அவர் எழுதவில்லையா, நீ எழுதியதை அவர் வாசிக்கவில்லையா, அல்லது எல்லாம் தெரிந்துதான் நீ அப்படி எழுதினாயா? எனக்குத் தெரியாது. கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தேன், என் சொந்த மகனின் எழுத்து எனக்கு எறும்பு ஊர்கிறது போல இருந்தது. அன்றைக்கு வந்த வெறுப்பு யார் மேல் என்று கேட்டால் சொல்ல முடியாது. பொம்பிளைக்கு எழுத்து எதுக்கு என்று சொன்ன என் வாப்பாவின் மேலும் கொஞ்சம் வந்தது, அவர் மௌத்தாகி இருபது வருஷம்.

சாய்ப்பில் அவள் இருந்த இருப்பை உனக்கு எப்படி எழுதுவது. ஆண்கள் கிணற்றடிக்கு வரும்போது இருமிக்கொண்டு வர வேண்டும், அதைக் கேட்டு இவள் சீலைக்குப் பின்னால் போக வேண்டும் என்று ஏற்பாடு. பாயிஸாவின் கடைசி மகள் அந்த இருமலைப் பழகிவிட்டாள். அவளுக்கு நாலு வயது, தன் வாப்பாவைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு வருவாள், றலியா பதறிக்கொண்டு உள்ளே ஓடுவாள், இவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். முதல் இரண்டு தரம் றலியாவும் சிரித்தாள். பிறகு அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள். மச்சான்மார் இரண்டு பேரும் வீட்டை விட்டுப் போன பிறகு காலையில் ஒரு தரம், அவர்கள் படுத்த பிறகு ஒரு தரம், அவ்வளவுதான் கக்கூசுக்குப் போவாள். இடையில் போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் குடிப்பாள். சின்னவளுக்கு இன்னும் பால் கொடுக்கிறாள், பால் வற்றிப் போயிற்று. உம்மா எனக்கு ஒண்ணுமில்ல, நாள் தானே, எண்ணிக்கிட்டுத்தான் ஈக்கிறேன் என்பாள். விறகுக் கட்டையில் கரியால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், அந்தக் கட்டையைத் தெரியாமல் றம்லத் அடுப்பில் வைத்துவிட்டாள், அதற்காக இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுதார்கள்.

இந்த மாசம் தொடக்கத்தில் அவளுக்கும் காய்ச்சல் பிடித்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து பங்கிடும் அப்போத்திக்கரி ஐயா தெருவுக்கு வந்தபோது, இத்தாவில் இருக்கிற பெண், பார்க்க முடியாது, மாத்திரையைத் தாருங்கள் என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டோம். போன வியாழக்கிழமை பின்னேரம் மழை. நான் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான்மார் இரண்டு பேரும் நேரத்தோடு வந்து, சாய்ப்புக்கு நாலு முழம் தள்ளி, கிணற்றடிக் கூரையின் கீழ் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்ன பேச்சு என்றால் உன் அறையைப் பற்றித்தான். றலியா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறாள், பிறகு என்னிடம் சொன்னாள். நானா, ஒங்கட அறைல ஜன்னல் ரெண்டு ஈக்கி, ஜுனைது மச்சான்ட அறை எனக்குத்தானே செரி என்று முஹ்ஸின் மூத்தவரிடம் சொன்னானாம். ஜன்னல அவிச்சுப் புள்ளைகளுக்குக் குடுக்கவா, அஞ்சு புள்ளையோட நான் ஈக்கிறது ஒனக்கு வெளங்குதா என்று சாஹுல் ஹமீது கேட்டாராம். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு, அவன் வந்தா அவன்தான் சொல்லணும், அது வரைக்கும் பூட்டு கெடக்கட்டும் என்று முடித்தார்களாம். இவளுக்கு அந்த நேரம் வயிற்றோட்டம், வெளியே போக வேண்டும். போங்கள் என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்நிய ஆணின் காதில் உன் குரல் விழக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பொறுத்துக்கொண்டு நின்றவள் மயங்கி விறகின் மேல் விழுந்தாள். விறகு சரிந்த சத்தத்தைக் கேட்டு அவர்கள் பூனை என்று நினைத்தார்களாம். நான் வந்து சீலையை விலக்கியபோது நெற்றி பிளந்து இரத்தம் காய்ந்திருந்தது, உடுப்பு கெட்டிருந்தது, சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மரப்பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளி. ஆண்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போனார்கள், வாப்பாவும் தடியை ஊன்றிக்கொண்டு போனார். பாங்கு சொல்லி முடிந்ததும் பாயிஸாவிடம் கோடரியைக் கேட்டேன். அவள் தன் மாப்பிள்ளையை நினைத்துப் பயந்தாள். அவர் வந்தா என்னையத்தான் தின்னுவார் உம்மா, ஜுனைது வந்ததும் அந்த அறை எங்களுக்கு வரும்னு நெனச்சிக்கிட்டு ஈக்கிறார் என்றாள். நானும் அப்பிடித்தான் நெனச்ச, பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். போய் உன் தங்கச்சியைப் பார் என்றேன். சாய்ப்புக்குப் போய் றலியாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு வந்தவள், கோடரிக்குப் பிடி ஆடுது, இதுக்கு அம்மிக் குழவிதான் என்று அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். றம்லத் றலியாவின் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கடப்பில் நின்று தெருவைப் பார்த்தாள். நான் இரண்டு அடி, பாயிஸா மூன்று அடி. உன் பூட்டு உடையவில்லை மகன், நல்ல பூட்டு. நாதாங்கிதான் கதவுப் பலகையோடு பெயர்ந்து வந்தது. பூட்டு இப்போதும் பூட்டினபடியே இருக்கிறது.

உள்ளே என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது. மூன்று வருஷமாக அந்தக் கதவைக் கடந்து போகும்போதெல்லாம் பிள்ளைகள் உள்ளே சாமான் நிறைய இருப்பதாகக் கதை சொல்லிக்கொள்வார்கள். ஒரு அலுமாரி, உள்ளே ஒன்றுமில்லை. கண்டியில் ஏலத்தில் எடுத்த, இதுவரை ஒருவரும் உட்காராத இரண்டு கதிரைகள், கடதாசி சுற்றினபடியே. அவ்வளவுதான். பல்லி முட்டையும் ஈர வாடையும். பாயிஸாவின் அறையில் ஏழு பேர் காலோடு கால் இடிக்கப் படுக்கிறார்கள், என் மகள் விறகோடு படுத்தாள், இரண்டு கதிரைகள் ஓடு போட்ட அறையில் குடியிருந்தன. பாயிஸா அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை, பிறகு அழுதாள். நீ போக முன்பு உழைத்த காசில் கட்டிய அறைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நாளைக்கு நீ கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குத்தானே போவாய். பிறகு இந்த அறை யாருக்காகப் பூட்டிக் கிடந்தது?

ஜும்ஆ முடிந்து வந்ததும் சாஹுல் ஹமீது பெயர்ந்த நாதாங்கியையும் பூட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு நடுச் சாலைக் கூடத்துக்கு வந்தார். மாமி, கேக்காம அடுத்தவன்ட அறைய ஒடச்சீங்க, ஜுனைது கேட்டா நான் என்தா பதில் சொல்ற என்று கேட்டார். அடுத்தவன் இல்ல, என்ட வகுத்துல பொறந்தவன், பதில நான் சொல்லிக்கொள்ற என்றேன். முஹ்ஸின் குறுக்கே வந்து, அப்ப இத்தா முடிஞ்சதும் அறைய என்ன செய்ற என்று கேட்டான். சின்னப் பையன், கேட்டதும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான். வாப்பா கையை நீட்டி அந்தப் பூட்டை வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் தனியாக, நான்தான் ஒடச்சேன்னு மகனுக்கு எழுது, என்னோட அவன் கோபிக்க மாட்டான் என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் எனக்காக அவர் சொல்ல வந்த முதல் பொய். அதை எழுத மாட்டேன், அது என் கையால் நடந்தது.

சனிக்கிழமை அப்போத்திக்கரி ஐயாவைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் இருக்க, றலியாவைக் காட்டினேன். பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும், பள்ளி லெப்பையின் மனைவியிடம் கேட்டுத்தான் காட்டினேன், நோயாளியை வைத்தியர் பார்ப்பதை யார் தடுத்தது என்று அவர் என்னை ஏசினார். ஐயா யாழ்ப்பாணத்து ஆள், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் எங்கை படுத்தவ என்று கேட்டார். விறகுச் சாய்ப்பைக் கையால் காட்டினேன். நேற்று நடுக்கம் வரவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைப் பட்டப்பகலில் ஒரே மூச்சில் குடித்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தா முடிய இன்னும் நாற்பது நாள். அந்த நாள் வந்ததும் அறைக்கான பேச்சு மறுபடியும் தொடங்கும், இப்போதே இரண்டு பக்கமும் அளந்துகொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை உள்ளவளுக்கு அறை உண்டு, மாப்பிள்ளை போனவளுக்கு இல்லை. கதவு இல்லாத கைம்பெண்ணை இந்த வீட்டில் விறாந்தைக்கும் சாய்ப்புக்கும் குசினிக்கும் சாகும்வரை தள்ளிக்கொண்டே இருப்பார்கள், ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது, இடம் இல்லை என்று மட்டும் சொல்வார்கள். நானும் வாப்பாவும் இருக்கும்வரை வாசலில் படுத்தாவது காப்பேன். பிறகு? அதனால் அறை றலியாவுக்கும் அவள் இரண்டு பெண்களுக்கும் என்று நீ சொல்ல வேண்டும். நீ சொன்னால் மச்சான்மார் வாயை மூடுவார்கள், நான் சொன்னால் மூட மாட்டார்கள், அதுதான் இங்கே உள்ள நிலைமை.

நேற்று வாப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்து, இழுப்பு இழுக்க இழுக்க, அந்த நாதாங்கியைக் கதவின் உள்பக்கத்தில் அறைந்தார். பூட்டு பூட்டினபடியே அலுமாரியின் மேல் இருக்கிறது. அதைத் திறக்கிற திறப்பு உன் சாவிக் கொத்தில், சிங்கப்பூரில். கடிதம் எழுத உனக்கு நேரம் இல்லாவிட்டால் எழுத வேண்டாம். திறப்பை மட்டும் துணியில் சுற்றி அனுப்பு. சாஹுல் ஹமீதின் கடை விலாசத்துக்கே அனுப்பு, அவர் தன் கையால் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்கட்டும். கடிதத்தை ஒருவர் மாற்றி எழுதலாம், மாற்றி வாசிக்கலாம், திறப்பை அப்படிச் செய்ய முடியாது. வராவிட்டால் அதையும் நான் வாசித்துக்கொள்வேன்.

உன் பழைய உறையில் இருந்த இங்கிலீசு விலாசத்தை வெட்டி இதன் மேல் ஒட்டியிருக்கிறேன், லெப்பையின் மனைவிதான் தபாலில் போட ஏற்பாடு செய்கிறார். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், களைப்புத்தான் அதிகம். மழையில் நனையாதே, காய்ச்சல் உள்ள இடத்துக்குப் போகாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத்தையும் உன் நெஞ்சில் ரஹ்மத்தையும் தரட்டும். நீ எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனாலும், அங்கே உனக்காக எழுந்து போகிறவள் யார் என்று கேட்டுவிட்டு உள்ளே போ. திறப்பை மறவாதே.

உன் உம்மா,
சுலைஹா உம்மா.